வடக்குச் சரிவு, ஓடைக்கு அருகே

இலையில் இன்னும் பச்சை இருந்தது. சிவசைலம் அதை எதிர்பார்க்கவில்லை. செய்தித்தாள் மடிப்புக்குள் கருகிச் சுருண்ட எதையோ பார்க்கப்போகிறோம் என்றுதான் குளிக்கும்போதும், வெறிச்சோடிய சனிக்கிழமைச் சாலையில் கார் ஓட்டி வரும்போதும் மனசைத் திடப்படுத்திக்கொண்டே வந்திருந்தான். இதுவோ கொஞ்சம் பழுப்பு ஏறியிருந்தாலும் நேற்றுச் சாயங்காலம் பறித்து வைத்ததுபோலப் படுத்திருந்தது. அடியில் வட்ட வட்டமாக இலைகள், நடுவிலிருந்து ஒரு தண்டு, தண்டில் மிளகளவு மணிகளாகப் பூக்கள், எல்லாப் பூவும் ஒரே பக்கமாகத் தலை சாய்த்து யாரையோ பார்த்துக்கொண்டு. போன வருஷம் ஆவணியில் அரசி பறித்த செடி. வருகிற தை வந்தால் அரசி போய் ஒரு வருஷம். பறித்தவளுக்குப் பிறகும் பச்சையாக இருக்க ஒரு இலைக்கு என்ன உரிமை என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில், இலையோடு போய் வழக்காடுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மேஜைக்கு எதிரே ரொசாலியா நின்றுகொண்டிருந்தார். அரசி வேலை பார்த்த இந்த ஹெர்பேரியத்தின் பொறுப்பாளர். சுற்றியுள்ள மலைகளில் பறித்த செடிகளை அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, யார் எங்கே எப்போது பறித்தது என்ற குறிப்புச்சீட்டோடு இரும்பு அலமாரிகளில் அடுக்கிக் காக்கிற இடம் இது. மங்கையர்க்கரசி என்ற முழுப்பெயரை இந்தப் பாலைவன ஊரில் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்ட ஒரே ஆள் ரொசாலியாதான். அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "உங்க மனைவி எடுத்த செடி எல்லாத்துக்கும் இடம் எழுதியிருக்கு. இது ஒண்ணுக்குத்தான் இல்லை. வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம்னு விட்டிருக்கணும். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. அன்னிக்கு அவங்களோட மலைக்குப் போனது நீங்க மட்டும்தான்." ஒரு வரைபடத்தை விரித்து அதன்மேல் பென்சிலை வைத்தார். "அந்த மலையில இந்தச் செடியை ரொம்ப நாளா யாரும் பார்க்கலை. அதனாலதான் கேக்கிறேன். ஆனா தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க. ஊகிச்சு மட்டும் சொல்லாதீங்க. தப்பான இடம் போட்ட செடி, இல்லாத செடியைவிட மோசம்." எனக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊகிச்சுச் சொல்லாதீங்க. அரசியும் அதைத்தான் சொல்வாள், இதே குரலில் இல்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தெரியாட்டா தெரியாதுன்னு போடணும், அத விட்டுட்டு வாய்க்கு வந்ததப் போட்டா நாளைக்கு ஒருத்தன் அத நம்பி மலையேறுவான்லா என்று. பென்சிலைக் கையில் எடுத்தான். வரைபடத்தில் மலைச்சாலை அவிழ்த்துப் போட்ட நூல்போல வளைந்து வளைந்து ஏறியது. எந்த வளைவு. எத்தனையோ வளைவு. கீழே ஆளுயரத்துக்கு மேல் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கள்ளிகள், ஏற ஏறக் கள்ளி போய் மஞ்சள் புல், புல் போய் ஓக், ஓக் போய் பைன், உச்சிக்குப் பக்கம் போனால் ஊட்டிக் குளிர், கார்க் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டியிருக்கும். "பாத்தியளா, மெக்சிகோவுல ஏறி கனடாவுல இறங்குதோம்," என்பாள் ஒவ்வொரு தடவையும். ஒவ்வொரு தடவையும் அவன் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பான். அன்றைக்கும் சொன்னாளா? சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாள் என்பது ஊகம். அன்றைக்கு வண்டி ஓட்டியது அவள். அவனுக்கு வலது கணுக்காலில் மாவுக்கட்டு, அலுவலகப் படிக்கட்டில் தவறி விழுந்தது, வீட்டுக்குள்ளேயே கிடந்து அலுத்துப்போனவனைக் காற்றாட வாருங்கள் என்று அவள்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள். ஏதோ ஒரு வளைவில் நிறுத்தினாள். "நீங்க இருங்க. நான் எட்டிப் பாத்துட்டு வாரேன்." போனை அவன் மடியில் போட்டாள். "அம்மா கூப்பிடுத நேரம். அங்க சிக்னல் கெடைக்காது. எடுத்துப் பேசுங்க." அவனுடைய பழுப்பு ஸ்வெட்டரைத் தலைவழியே மாட்டிக்கொண்டு, கை நீளமாக இருந்ததால் மடித்து மடித்து விட்டுக்கொண்டு, கதவைச் சாத்தினாள். கதவு சாத்திய சத்தம் காதிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் போன திசை இல்லை. எவ்வளவு இழுத்துப் பார்த்தாலும் இல்லை. கதவுச் சத்தம், பிறகு வெறும் வெளிச்சம், பிறகு அவள் திரும்பி வந்து சாவியைத் திருகுகிறாள். நடுவில் ஒரு மணி நேரமோ கூடவோ குறையவோ, அவள் இந்த உலகத்தில் எங்கேயோ இருந்திருக்கிறாள், அது அவனிடம் இல்லை.

எல்லாமே இருக்கிறது என்றுதான் அவன் இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி முழுக்க இருக்கிறது. இரத்தத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்ன அறையில் சுவரில் மாட்டியிருந்த படகுப் படம் இருக்கிறது, நர்ஸ் கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் நீலப் பட்டை இருக்கிறது, கடைசி வாரத்தில் அவளுக்கு வாய்க்குள் புண்ணாகி ரசத்தைக்கூட ஆற வைத்துப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தது இருக்கிறது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் இருக்கிறது, கேட்காமலே வந்து முன்னால் உட்கார்கிறது. அவள் நல்லபடியாக நடந்துபோன ஒரு சாயங்காலத்தைக் கேட்டால் மட்டும் ஞாபகம் கையை விரிக்கிறது. நல்லபடியாகவா நடந்தாள்? திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. ஸ்டீயரிங்கில் கை வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். மேட்டில் ஏறி வந்தால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது. அந்த உயரத்தில் உட்கார்ந்திருந்த அவனுக்கே லேசாகத் தலை கனத்தது. மேட்டில் ஏறி வந்தால். சிவசைலம் பென்சிலைக் கீழே வைத்தான். மேட்டில் ஏறி வந்தாள் என்று எப்படித் தெரியும்? மூச்சு வாங்கியதால். மூச்சு வாங்கியது மேட்டாலா, உள்ளே அப்போதே தொடங்கியிருந்ததாலா? அதே இடத்தில் கால் இடறுகிறது. இந்த ஒரு வருஷமாக எந்த வழியாகப் போனாலும் அந்த மூச்சில் வந்துதான் நிற்கிறான். இப்போது ஒரு செடியின் விலாசத்தைத் தேடிப் போனாலும் அங்கேதான் கொண்டுவந்து விடுகிறது.

ரொசாலியா மேஜையின் ஓரத்தில் பழைய தாள்கள் சிலவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார், பார்த்தால் ஏதாவது நினைவுக்கு வரலாம் என்று. எல்லாம் இதே செடி, இதே மலை. கோவேறு கழுதையில் ஏறிப் போன காலத்துச் சீட்டுகள், சாய்ந்த மைக் கையெழுத்து. நிழலான பள்ளம், ஈரம், என்றது ஒன்று. ஃபிர் மரங்களின் அடியில், உதிர்ந்த ஊசியிலைக்குள் பாதி மறைந்து, அரிது, என்றது இன்னொன்று. மூன்றாவதை எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை போலிருக்கிறது. பனிக்குக் கீழே தோண்டிப் பார்த்தேன், இலை பச்சையாகவே இருந்தது, என்று குறித்திருந்தார். பனிக்காலத்திலும் பச்சை மாறாது என்பதால்தான் விண்டர்கிரீன் என்று பெயர். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது அவனுக்கு மூட்டுவலித் தைலத்தின் வாசனைதான் மூக்கில் வந்தது, இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டான். அரசி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊட்டியில விக்கிற தைலத்துச் செடி வேற, இது வேற. பேரு மட்டும் ஒண்ணு." எங்கே சிரித்தாள்? காரில். அன்றைக்கா? அன்றைக்குத்தான், மடியில் செய்தித்தாள் மடிப்பு இருந்தது, அவன் மடியில், மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி அவன்தான் அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். பால்கனியில் தொட்டியில் வைக்கலாமே என்றுகூடக் கேட்டான். "வராதுங்க. அந்த மண்ணுல இருக்க பூஞ்சை, பக்கத்துல நிக்க மரம், அதுக எல்லாம் ஊட்டித்தான் இது பொழைக்கி. தனியாப் பேத்துட்டு வந்தா செத்துப்போவும்." பிறகு சத்தம் குறைத்து, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல, "இருக்கதே கொஞ்சம். அதான் ஒண்ணே ஒண்ணு எடுத்தேன்," என்றாள். அவள் தலையில் ஊசியிலை ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டான். விரல் அதை இப்போதும் உணர்கிறது. தட்டையாக, மெத்தென்று இருந்தது. பைன் என்றால் குத்தியிருக்கும். "உருட்டிப் பாருங்க. உருளாது. அப்ப அது ஃபிர்," என்றாள். உருட்டினான். உருளவில்லை. அப்படியானால் ஃபிர் மரத்துக்குக் கீழே போயிருக்கிறாள்.

போன் அதிர்ந்தது. அத்தை. அம்பாசமுத்திரத்தில் விடிந்துகொண்டிருக்கும். மகள் போன பிறகும் அந்த நேரத்துக்கு அத்தை கூப்பிடுவதை நிறுத்தவில்லை. மகளின் எண்ணுக்குப் பதிலாக மருமகன் எண், அவ்வளவுதான் மாற்றம். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. சாப்பிட்டீர்களா, குளிர் வந்துவிட்டதா, சரி வைக்கட்டுமா. எடுக்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்துவிட்டு எடுத்தான். "சாப்பிட்டியளா மாப்ளே?" "ஆச்சு அத்தை." "வேலையா இருக்கியளோ?" "இல்ல. அரசியோட ஆபீசுக்கு வந்திருக்கேன். அவ பறிச்ச செடி ஒண்ணு இருக்கு. எந்த இடத்துல பறிச்சான்னு கேக்காங்க. எனக்கு ஞாபகம் வரல."  அத்தைக்குப் பின்னால் யாரோ வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. "எந்தச் செடி? உங்க கால்ல கட்டுப் போட்டிருந்தப்ப போனியளே, அதுவா?" "அதுதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?" "நாந்தான அன்னைக்குக் கூப்பிட்டேன். நீங்க எடுத்திய. அவ எங்கன்னு கேட்டேன். கீழ எறங்கிப் போயிருக்கா அத்தை, தண்ணி ஓடுத சத்தம் கேக்குதா பாருங்கன்னு போனை வெளிய நீட்டினிய. எனக்கு நல்லாக் கேட்டுது. நம்ம கால்வாய்ல மதகு திறந்தா கேக்குமே, அந்த மாதிரி. பரவால்ல, பிள்ளை தண்ணி இருக்க இடமாப் பாத்துத்தான் போயிருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்." அவன் கை வரைபடத்துக்குப் போனது.  "மாப்ளே? இருக்கியளா?" "இருக்கேன் அத்தை." "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?" "இல்ல. இல்ல அத்தை. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு." அத்தை வைத்தபிறகும் போனைக் காதோடு பிடித்தபடியே இருந்தான்.

தண்ணீர் இருந்திருக்கிறது. அவனே கேட்டிருக்கிறான், அடுத்தவருக்கும் கேட்கக் கொடுத்திருக்கிறான், பிறகு அடியோடு மறந்திருக்கிறான். கடல் தாண்டி ஒரு கிழக் காதில் அந்த ஓடை இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. போனை நீட்டினேன் என்றால் எந்தச் சன்னலில் நீட்டினேன்? இந்த ஊர்க் காரில் ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம், அவன் உட்கார்ந்திருந்தது வலப்பக்கம். அப்படியானால் தண்ணீர் வலப்பக்கம், கீழே. வெயில்? வெயில் முகத்துக்கு நேரே. ஆம், கண் கூசியது, முன்னால் இருக்கிற தடுப்பட்டையை இறக்கிவிட்டான், அதன் உள்பக்கத்துக் கண்ணாடியில் தன்னுடைய சவரம் செய்யாத முகத்தைப் பார்த்து மேலே தள்ளினான், மறுபடியும் கண் கூச மறுபடியும் இறக்கினான். சாயங்கால வெயில் நேர் எதிரே என்றால் கார் மேற்கே பார்த்து நின்றிருக்கிறது. வலக்கைப் பக்கம் வடக்கு. வடக்குச் சரிவு, வெயில் அதிகம் விழாத பக்கம், ஃபிர் நிற்கிற பக்கம்.  இன்னும் என்ன, இன்னும் என்ன. கண்ணுக்கு எதிரே சாலைக்கு அந்தப்புறம் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது, கரடி திறக்க முடியாதபடி கொக்கி வைத்த பழுப்பு இரும்புத்தொட்டி, அந்தக் கொக்கியை எப்படித் திறப்பது என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தான். பொழுது போகாமல் ஒரு மனுஷன் குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவள் கீழே இருந்திருக்கிறாள். பிறகு, அது எப்படி இவ்வளவு நாளும் எங்கேயோ கிடந்தது, வலப்பக்கக் கண்ணாடியில், சாலை ஓரத்து இரும்புத் தடுப்புக்குக் கீழேயிருந்து முதலில் ஒரு கை, நீளமான ஸ்வெட்டர் கை, தடுப்பைப் பிடித்தது. பிறகு தலை. பிறகு அரசி முழுவதுமாக. தடுப்பைத் தாண்டும்போது செய்தித்தாள் மடிப்பை வாயில் கவ்வியிருந்தாள், கைக்குழந்தைச் சட்டையை வாயில் கடித்துக்கொண்டு கொடியில் துணி காயப்போடுகிறவளைப்போல. கண்ணாடியில் அவன் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள். முழங்கால்வரை நனைந்திருந்தது. ஷூ நடக்க நடக்கச் சளசளத்தது. கார்க் கதவைத் திறந்ததும் ஈர மண் வாசனை உள்ளே வந்தது. "ஒரு எடம் பாத்தேங்க," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. சிரித்துக்கொண்டுதான். மூச்சோடு சிரிப்பும் இருந்தது. அந்தச் சிரிப்பை இத்தனை நாளும் மூச்சு மூடி வைத்திருந்தது. "உங்க கால் சரியாவட்டும். கூட்டிட்டுப் போறேன்."

வரைபடத்தில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தான். சாலை மேற்கே பார்த்துப் போகிற, வலப்பக்கம் பள்ளமாக இறங்குகிற, பள்ளத்தில் ஓடையின் நீலக்கோடு சாலையை ஒட்டி வருகிற வளைவுகள் வரைபடத்தில் இரண்டே இருந்தன. ரொசாலியா வந்ததும் குப்பைத்தொட்டியைச் சொன்னான். அவர் உடனே ஒரு புள்ளியில் விரலை வைத்தார். "தொட்டி இங்கேதான். மற்றதில் கிடையாது." அவன் எல்லாவற்றையும் சொன்னான், வெயில், கண்ணாடி, ஈரம், அத்தை கேட்ட தண்ணீர். சொல்லி முடித்துவிட்டு, "இது ஊகமா?" என்று கேட்டான். ரொசாலியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லை," என்றார். "இதைவிடக் கம்மியா வச்சுக்கிட்டு நாங்க எழுதியிருக்கோம்." ஆனால் அவர் முகம் மலரவில்லை. விரலை அந்தப் புள்ளியிலிருந்து எடுக்காமலே நின்றார். அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது. இந்த ஆனியில் மலை எரிந்தது. வாரக்கணக்கில் எரிந்தது. ஊரே கிழக்கே பார்த்து நின்றது. அலுவலக வண்டி நிறுத்தத்தில் அவன் கார்மேல் சாம்பல் உதிர்ந்து கிடந்தது, முன்கண்ணாடி முழுக்க, கோலப்பொடி மாதிரி மெல்லிசாக. எல்லோரும் வைப்பரைப் போட்டுத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவனால் அந்தப் பொத்தானை அழுத்த முடியவில்லை. அரசியைக் கொண்டுபோய்த் தாமிரபரணியில் கரைத்துவிட்டு வந்து அப்போது அதிக நாள் ஆகியிருக்கவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு வீடுவரை நடந்தான். "அந்தச் சரிவா?" என்று கேட்டான். ரொசாலியா இன்னொரு வரைபடத்தைக் கொண்டுவந்தார். நெருப்புப் போன இடமெல்லாம் சிவப்பு, கடுமையாக எரிந்த இடம் கருஞ்சிவப்பு. விரித்துப் பக்கத்தில் வைத்தார்.  புள்ளி வைத்த இடம் கருஞ்சிவப்புக்குள் இருந்தது. "மரம், மண்ணு, மண்ணுக்குள்ள இருந்தது, எல்லாம் போயிருக்கும்," என்றார். "திரும்ப வருமான்னு எனக்குத் தெரியாது. வந்தாலும் நான் பார்க்க வராது." கண்டுபிடித்த கையோடு பறிகொடுத்தாயிற்று. கூட்டிட்டுப் போறேன் என்றாளே. அவள்தான் இல்லை, இடமாவது இருக்கும், ஒரு நாள் தடுப்பைத் தாண்டி இறங்கி அந்த ஓடையில் காலை நனைக்கலாம் என்று சற்று நேரம், பென்சிலைப் பிடித்திருந்த அந்தச் சற்று நேரம் மட்டும், மனசு தன்பாட்டுக்குத் திட்டம் போட்டுவிட்டிருந்தது.

ரொசாலியா குறிப்புச்சீட்டை எழுத உட்கார்ந்தார். வடக்குச் சரிவு, ஓடைக்கு அருகே, ஃபிர் மர நிழலில். பறித்தவர், மங்கையர்க்கரசி. அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி, ஓர் எழுத்தும் விடாமல் எழுதினார். அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. உடன் சென்றவர். கணவன் பெயரை எழுதப் பேனாவைக் கொண்டுபோனவரை, "வேண்டாம்," என்று சிவசைலம் தடுத்தான். "நீங்க கூடத்தானே இருந்தீங்க." "கார்ல இருந்தேன். கீழே அவ தனியாத்தான் போனா." "அப்படியும் எழுதறது உண்டு. இதில் தப்பில்லை." "தெரியும். ஆனா இருக்கட்டும்." ஏன் என்று அவனால் ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பானா தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவள் தனியாக இருந்த நேரமே கிடையாது. யாராவது ஒருவர் கூடவே இருந்தார்கள், ஊசியோடு, டம்ளரோடு, தாளோடு, அவனும். கடைசியாகத் தன் காலால் இறங்கி, ஈரத்தில் கால் வைத்து, ஒன்றைக் கண்டு, குனிந்து, தனக்குத்தானே சந்தோஷப்பட்டுக்கொண்ட அந்த நேரம் அவளுடையது. அதில் போய்ப் பெயர் எழுதிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. ரொசாலியா அவன் முகத்தைப் பார்த்தார். அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

பிறகு பசைக் கிண்ணத்தையும் தூரிகையையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். நீங்களே ஒட்டுகிறீர்களா என்று அவர் கேட்கவும் இல்லை, அவன் சரி என்று சொல்லவும் இல்லை. வேரில் உலர்ந்திருந்த மண்ணை லேசாகத் தட்டி, செடியைக் கவிழ்த்துப் பசை தடவி, பூக்கள் வலப்பக்கம் பார்க்கும்படி தாளின் நடுவில் படுக்க வைத்தான். தண்டின்மேல் துணிப்பட்டை ஒட்டக் கற்றுக்கொடுத்தார். சின்னச் சின்ன ஈயக்குண்டுப் பைகளை இலைகளின்மேல் பாரமாக வைத்தார்கள். ஒரே ஓர் இலை, எல்லாவற்றிலும் சின்னது, படியாமல் கிளம்பிக்கொண்டே இருந்தது. அதன்மேல் பை நிற்காமல் வழுக்கியது. "விடுங்க, அது அப்படித்தான், காலையில் பார்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு ரொசாலியா அலமாரிகளைப் பூட்டப் போனார். சிவசைலம் ஆள்காட்டி விரலால் அந்த இலையை மெல்ல அழுத்தினான். எடுத்தான், எழும்பியது. மறுபடி அழுத்தினான். பசை பிடிக்கட்டும் என்று விரலை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் தூரத்திலிருந்து கிட்டே வந்துகொண்டிருந்தது. இலை பிடித்துக்கொண்டது விரலுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவன் எடுக்கவில்லை.